வராத பத்திரிகை

சவுந்தரநாயகம் ஐயா அந்தக் காரியத்தைச் செய்த காலையில் நேசம் கையில் ஈரத்துணியோடு நின்றாள். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், 'காலை மேசை' கேபிள் ரீவியில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு மரண அறிவித்தல்களும் நினைவு நாள்களும் வாசிப்பது வழக்கம். அன்று தாளில் இருந்த ஐந்து பெயர்களையும் வாசித்தபின் ஐயா கண்ணாடியைச் சற்று மேலே தள்ளிவிட்டு, தாளில் இல்லாத ஆறாவது பெயரைச் சொன்னார்.

"கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவரும், கொழும்புத் துறைமுகத்தில் நெடுங்காலம் கடமையாற்றியவருமான திருவாளர் அந்தோனிப்பிள்ளை மரியதாஸ் அவர்களின் பதினோராவது ஆண்டு நினைவு நாள் இன்று."

அது நேசத்தின் கணவன். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன். உயிரோடு இருந்த காலத்தில் அவனை ஒருவரும் திருவாளர் என்று சொன்னதில்லை. கொடுப்பனவுப் புத்தகத்தில்கூட வெறும் மரியதாஸ்தான். பூசைக்குப் போக அரை நாள் லீவு கேட்டபோது நேசம் அந்தத் தேதியை ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். அவ்வளவுதான். நிகழ்ச்சி முடிந்து தேத்தண்ணி கொண்டுபோன போது ஐயா அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சீனி போட்டதோ என்று மட்டும் கேட்டார். அவளுக்கும் நன்றி சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய், அந்தோனியார் படத்துக்கு முன்னால் இருந்து அழுதாள்.

அந்த மனிதருக்குத்தான் அவள் அப்படிச் செய்தாள்.

காலை மேசை தொடங்கிய கதையை வெள்ளவத்தையில் பழைய ஆட்கள் இன்றும் சிரிப்போடு சொல்வார்கள். இராஜநாயகம் என்பவர் கேபிள்காரர். மாடிக்கு மாடி கம்பி இழுத்து, சென்னைச் சானல்களை வீடுகளுக்குக் கொடுத்தவர். ஒரு சானல் அவரிடம் சும்மா கிடந்தது. கறுப்பாக விட மனமில்லாமல் ஒரு மீன்தொட்டியை வாங்கி, அதற்கு முன்னால் ஒரு கமராவை வைத்துவிட்டார். போர் முடிந்த வருடத்தில் அந்தப் பக்கத்து வீடுகளில் விடியற்காலை ரீவியைப் போட்டால் இரண்டு சிவப்பு மீனும் ஒரு கறுப்பு மீனும்தான் ஓடித்திரியும். பிள்ளைக்குச் சோறு தீத்துகிற தாய்மாருக்கு அதுவும் உதவியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் மழைக்குக் கம்பி அறுந்துபோக, சவுந்தரநாயகம் ஐயா முறைப்பாடு சொல்லப் படியேறி வந்தார். கப்பல் ஏஜென்சி ஒன்றில் முப்பத்தைந்து வருடம் கிளார்க்காக இருந்து, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். மனைவி தவறி இரண்டு வருடம். அவர் சத்தம் போடவில்லை. எத்தனை மணிக்கு லைன் நின்றது, எத்தனை தடவை தொலைபேசி எடுத்தார், யார் எடுத்து என்ன பதில் சொன்னார் என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக, மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டுச் சொன்னார். இராஜநாயகம் பதில் சொல்ல மறந்து கேட்டுக்கொண்டே இருந்தாராம். முடிந்ததும், நாளைக்கு விடிய வந்து இந்தக் கமராவுக்கு முன்னால் பேப்பரையும் இப்படியே வாசிப்பீர்களா என்று கேட்டாராம்.

"முதல்ல என்ர லைனைத் திருத்தும். பிறகு பாப்பம்" என்றாராம் ஐயா.

லைன் திருத்தப்பட்டது. மீன்தொட்டி அவருடைய இடது தோளுக்குப் பின்னால் போனது. ஆறரைக்கு வணக்கம் சொல்லி, எட்டு மணிக்கு மேசையை விட்டு எழும்புவார். மூன்று தமிழ்ப் பத்திரிகைகளின் தலைப்புகள், காலி வீதியில் எங்கே வெள்ளம், எந்த ரயில் பிந்தும், எந்தக் கோயிலில் திருவிழா, பிறகு தொலைபேசி அழைப்புகள். வெள்ளவத்தையில் இருந்து ஒரு டீச்சரம்மா எடுத்து அவருடைய உச்சரிப்பைத் திருத்துவார். கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தையல்காரர் எடுத்து, ஐயாவின் சேர்ட் கொலர் தேய்ந்துவிட்டது, கொண்டு வாருங்கள், திருப்பித் தைத்துத் தருகிறேன் என்பார். ஐயா எல்லாருக்கும் பதில் சொல்வார். உயிர்த்த ஞாயிறன்று கோயில்களில் குண்டு வெடித்ததற்கு அடுத்த காலை அவர் தலைப்புகளை வாசிக்கவில்லை. கிடைத்த பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்தார். முடித்துவிட்டு வந்து மாடிப்படியில் இருந்தவர், ஒன்பது மணிவரை எழும்பவில்லை. நேசம் ஊற்றிய தேத்தண்ணி அவருடைய கையிலேயே ஆறிப்போனது.

நேசம் அங்கே வேலைக்கு வந்தது நிகழ்ச்சி தொடங்கி மூன்றாம் வருடம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். கூட்டித் துடைப்பது, தேத்தண்ணி ஊற்றுவது, மீனுக்குத் தீன் போடுவது அவளுடைய வேலை. போகப் போகப் பத்திரிகை வாங்கும் பொறுப்பும் அவளுக்கு வந்தது. கொட்டாஞ்சேனையில் இருந்து 155ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்கி, ஆறு மணிக்கு முன்னால் சந்திக் கடையில் மூன்று பத்திரிகையும் எடுத்து, மேசையின் வலது மூலையில் வைத்துவிட வேண்டும். ஆறு அடிக்க ஐயா வருவார். சிவப்புப் பேனையால் தலைப்புகளுக்குக் கீழே கோடு இழுத்து, அரை மணித்தியாலம் வாய்க்குள் வாசித்துப் பார்ப்பார். பழைய பத்திரிகைகள் அலுமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கிக் கிடக்கும். சில நாளில், போன கிழமை என்ன சொன்னார்கள் என்று பார்க்க ஐயா அதிலிருந்து ஒன்றை உருவி எடுப்பதுண்டு.

சமையல் காஸ் இல்லாமல் ஊர் அலைந்த அந்த வருடம் வந்தது. பஸ்ஸுக்கு டீசல் இல்லை. பத்திரிகைக்குத் தாளும் இல்லை. மூன்று வாங்கிய இடத்தில் ஒன்றுதான் அச்சில் வந்தது, அதுவும் கொஞ்சப் பிரதி. ஒரு வியாழக்கிழமை கரண்டும் போய், ஜெனரேட்டருக்கு எண்ணெயும் முடிந்து, காலை மேசை அன்று போகவே இல்லை. அந்த வியாழக்கிழமைப் பத்திரிகை சிவப்புக் கோடு விழாமல், மடிப்புக் கலையாமல் கீழ்த்தட்டுக்குப் போனது.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை நேசம் விடிய எழும்பிக் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போனாள். செவ்வாய் அந்தோனியாருக்கு உரிய நாள். அவளுடைய வீட்டிலும் காஸ் முடிந்து ஒன்பது நாளாகியிருந்தது. மெழுகுதிரி ஏற்றி, ஒரு சிலிண்டர் கிடைக்கப் பண்ணும் என்று மன்றாடிவிட்டு வெளியே வந்தால் பஸ் இல்லை. அரை மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டு, கோட்டை ஸ்டேஷன்வரை நடந்து, ரயில் பிடித்து வெள்ளவத்தையில் இறங்கும்போது ஆறு மணி தாண்டி இருபது நிமிடம். கடைக்காரர் கையை விரித்தார். பத்திரிகை முடிந்துவிட்டது.

வெறுங்கையோடு மேலே வந்தாள். இராஜநாயகம் இளைப்பாறி, அப்போது எல்லாவற்றையும் அவருடைய மகன் அனுஜன்தான் பார்த்துவந்தான். கெட்ட பையன் இல்லை. ஆனால் சிக்கனக்காரன். கூட்டித் துடைக்கக் கிழமைக்கு மூன்று நாள் ஆள் வந்தால் போதும் என்று முந்தின கிழமைதான் சொல்லியிருந்தான். பிந்தி வந்ததையும் பேப்பர் இல்லாததையும் ஒன்றாகச் சொல்ல நேசத்துக்குப் பயமாகப் போய்விட்டது. ஐயாவையும் காணவில்லை. அவர் தன்னுடைய சிலிண்டரோடு விடிய நாலு மணியில் இருந்து வரிசையில் நிற்கிறாராம்.

நேசம் கீழ்த்தட்டைத் திறந்தாள். வியாழக்கிழமைப் பத்திரிகை புதுப்பேப்பர் மாதிரியே இருந்தது. கொட்டை எழுத்தைக் கூட்டிப் பார்த்தாள். எரிவாயு என்று இருந்தது. எந்த நாள்தான் எரிவாயு இல்லை? இன்றையப் பேப்பரிலும் இதுதானே இருக்கும் என்று நினைத்தாள். ஐயா வந்ததும் வாசலில் வைத்துச் சொல்லிவிடலாம், அவர் எப்படியும் சமாளிப்பார் என்றும் நினைத்தாள். வலது மூலையில் வைத்துவிட்டுக் கேத்தலை வைக்கப் போனாள்.

ஐயா ஓடி வந்தபோது தொடக்க இசை போய்க்கொண்டிருந்தது. வேர்த்து விறுவிறுத்துக் கதிரையில் இருந்தார். அனுஜன் வாயில் விரல் வைத்தான். நேசம் கதவடியில் நின்றாள். ஒரு சைகை காட்டியிருக்கலாம். கையில் இருந்த கோப்பையைக் கீழே போட்டிருந்தால்கூட ஏதோ நடந்திருக்கும். அவள் நின்றாள்.

ஐயா பத்திரிகையை விரித்தார். அவருடைய முகம் மலர்ந்தது. நாலு மணியில் இருந்து வரிசையில் நின்ற மனிதர் அல்லவா? கப்பல் வந்துவிட்டது, இன்று காலை முதல் கொழும்பு முழுவதும் எரிவாயு விநியோகம் என்று வாசித்தார். வெறுமனே வாசிக்கவில்லை. சந்தோசத்தில், "சிலிண்டரை எடுத்துக்கொண்டு இப்பவே வெளிக்கிடுங்கோ, பிந்த வேண்டாம்" என்று தன் பாட்டிலும் ஒரு சொல் சேர்த்துச் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் தன் பாட்டில் சேர்த்துச் சொன்னது குறைவு.

பதினைந்து நிமிடத்தில் தொலைபேசி விடாமல் அடிக்கத் தொடங்கியது. எங்கே காஸ், எந்தக் கடையில், லொறி எத்தனை மணிக்கு? ஒருவர் தூஷணத்திலேயே தொடங்கினார். அனுஜன் மீன்தொட்டியைத் திரையில் போட்டுவிட்டு, பாய்ந்து வந்து பத்திரிகையைப் பறித்துத் தேதியைப் பார்த்தான். ஐயாவும் பார்த்தார்.

அவர் முகம் பஞ்சு மாதிரி வெளுத்தது. திரும்பி நேசத்திடம் கேட்டார்.

"நேசம், இண்டையான் பேப்பர் வந்ததோ?"

அனுஜன் அவளைப் பார்த்தான்.

"வந்தது ஐயா. மேசையில வச்சனான்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. ஐயா குனிந்து மேசைக்குக் கீழே தேடினார். கதிரை மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். மீன்தொட்டிக்குப் பின்னால் பார்த்தார். கீழ்த்தட்டைத் திறந்து, அடுக்கி இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தார். "எங்க வச்சன், எங்க வச்சன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இல்லாத பேப்பரை எழுபத்தொரு வயது மனிதர் முழந்தாளில் நின்று தேடினார். அவளும் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தேடுவதுபோலத் தேடினாள். ஆண்டவர் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.

பிறகு ஐயா திரையில் வந்து, பழைய பத்திரிகையைத் தான் கவனிக்காமல் எடுத்து வாசித்துவிட்டதாகவும், பிழை முழுவதும் தன்னுடையது என்றும் சொல்லிக் கைகூப்பினார். அதுதான் அவர் காலை மேசையில் கடைசியாகச் சொன்னது.

அனுஜன் அடுத்த நாள் நேசத்தைக் கூப்பிட்டு, ஐயாவுக்கு இப்போது கொஞ்சம் மறதி வந்திருக்கிறதல்லவா, நீங்கள் கவனித்தீர்களா என்று கேட்டான். அவள், ஓம், கொஞ்சம் இருக்கிறது என்றாள். ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்தி, ஓய்வு எடுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். அவருடைய கதிரையில் சுபோதினி என்ற பிள்ளை வந்து இருந்து, கையில் ஒரு டப்லெட்டை வைத்துத் தட்டித் தட்டி வாசித்தது. நேசத்துக்கு இனிப் பத்திரிகை வாங்கும் வேலை இல்லை. வேலை போகாமல் தப்பியது மட்டும் அவளுக்கு மிஞ்சியது.

அது அங்கேயே முடிந்திருந்தாலும் பரவாயில்லை. கொட்டாஞ்சேனையில் அவளுடைய ஒழுங்கையில், மூன்றாவது வீட்டில் றலியா இருக்கிறாள். அந்தக் காலையில் காலை மேசையைப் பார்த்துவிட்டு வெறும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி, கழிவுநீர்க் கானுக் கரையில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டவள். ஒரு நாள் கடைக்குப் பாண் வாங்கப் போகும் வழியில் நேசத்தை மறித்து நிறுத்தினாள்.

"பேப்பர் வாசிக்கிற மனிசனுக்குத் தேதி பாக்கத் தெரியாதா நேசக்கா? ரீவில வந்து சிரிச்சிட்டுச் சொல்றாரு, வெளிக்கிடுங்கோ எண்டு. இப்ப அவரா வந்து எனக்கு மா குழைச்சுத் தரப் போறாரு?"

நேசம் அந்தக் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"வயசு போன மனிசன்தானே றலியா. ஞாபகம் குறைஞ்சு போச்சு அவருக்கு."

கேட்காமலே சொன்ன சொல் அது. அனுஜனிடம் சொன்னதாவது கேட்டதற்குச் சொன்ன பதில். இது அவளாக எடுத்துக் கொடுத்தது. வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்தாள், ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு வருடம் போனது. ஐயாவை மகள் சுரேகா நுகேகொடைக்குத் தன்னுடைய வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டதாகவும், அவருக்கு மறதி வியாதியாம் என்றும் அனுஜன் ஒரு நாள் போகிற போக்கில் சொன்னான். அதைக் கேட்டதும் நேசத்துக்கு முதலில் வந்தது கவலை இல்லை. அப்போ நான் சொன்னது பொய் இல்லை என்ற ஆறுதல்தான் வந்தது. அது வந்த கையோடேயே அவளுக்கு உடம்பு கூசியது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து, 176ஆம் இலக்க பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போனாள். வாசல் கேற் பூட்டியிருந்தது. சுரேகா வந்து திறந்தாள். மேல் அறையில் ஐயா மேசைக்கு முன்னால் இருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் சேர்ட் கொலர் மடிப்புக் கலையாமல் இருந்தது. அவளைக் கண்டதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மீன்கள் சுகமோ என்று கேட்டார். கறுப்பு மீன் செத்ததை அவள் சொன்னபோது, அதை வாங்கிய வருடத்தைச் சரியாகச் சொன்னார்.

பிறகு ஒரு கொப்பியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தந்த நாளின் தேதி, கிழமை, காலையில் சாப்பிட்டது, யார் வந்தது எல்லாம் அச்சடித்த மாதிரி எழுதியிருந்தது. தன்னைத் தானே சோதிப்பதற்காம். சட்டைப்பையில் வீட்டு விலாசம் எழுதிய துண்டு ஒன்று இருந்தது. அதையும் அவர்தான் எழுதி வைத்திருந்தார். வங்கி அலுவல், வீட்டுப் பூட்டுகளின் திறப்பு எல்லாவற்றையும் தானாகவே மகளிடம் கொடுத்துவிட்டாராம். தனியே வெளியே போவதில்லையாம். வாய்விட்டு வாசிப்பதும் இல்லையாம்.

"பிழையான பேப்பரை வாசிச்சதைக்கூட நான் பெரிசா எடுக்கேல்லை நேசம். அவசரத்தில ஆருக்கும் வரும். நீர் கொண்டுவந்து வச்ச பேப்பரை நான் எங்க போட்டனான்? அதுதான் விளங்கேல்லை. கையால எடுத்திருக்கிறன், எங்கயோ வச்சிருக்கிறன், ஒண்டும் நினைவில இல்லை. உம்மை நான் நம்பாமல் இருக்கேலாதே. நீர் பொய் சொல்லுற ஆள் இல்லை."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். சுரேகா தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தாள். நேசம் தேத்தண்ணியைக் குடித்தாள். குடித்துவிட்டு வெளிக்கிட்டு வந்துவிட்டாள்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கொட்டாஞ்சேனைப் பாதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, செபம் பிறகு சொல்லலாம், முதலில் அந்த மனிதரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள் அம்மா என்றார். அவள் போகவில்லை. அடுத்த மாதம் வேறு கோயிலுக்குப் போய் வேறு பாதரிடம் சொன்னாள். அவரும் அதையேதான் சொன்னார். மூன்றாவதாகக் களனிப் பக்கம் ஒரு சிறிய கோயிலைத் தேடிப்போய், சிங்களப் பாதர் ஒருவரிடம் தன்னுடைய அரைகுறைச் சிங்களத்தில் சொன்னாள். பஸ் இல்லாததும் வேலைக்குப் பிந்திப் போனதும் அவருக்கு விளங்கியது. மற்றதை அவள் விளங்கும்படி சொல்லவில்லை. பத்து அருள் நிறைந்த மரியே சொல்லும்படி சொல்லி அனுப்பினார். பத்துக்கு இருபதாகச் சொன்னாள். நற்கருணையும் கை நீட்டி வாங்கினாள். பாதரை ஏமாற்றலாம், சிங்களத்தில் சொன்னால் ஆண்டவருக்கு விளங்காமல் போகுமா என்ன?

அதற்குப் பிறகு ஒரு காலை, ஒழுங்கைக் குழாயடியில் றலியா இடது கையால் வாளியைத் தூக்க முயன்றுகொண்டு நின்றாள். வலது மணிக்கட்டு கோணலாகவே பொருந்தியிருந்தது. நேசம் போய் வாளியைப் பிடித்தாள். பிடித்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பேப்பர் வராதது, வியாழக்கிழமைப் பேப்பர், வச்சனான் என்று சொன்னது, ஞாபகம் குறைஞ்சு போச்சு என்று சொன்னது, நுகேகொடைக் கொப்பி எல்லாவற்றையும்.

றலியா சத்தம் போடுவாள் என்று நினைத்திருந்தாள். றலியா வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கிட்ட ஏன் சொல்றீங்க? என்ட கை எப்படியும் போச்சு. அந்த மனிசன்ட மூளைய நீங்க எடுத்து வச்சிட்டு இருக்கீங்க. அதக் கொண்டு போய்க் குடுங்க முதல்ல."

அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு றலியா வீட்டில் இருந்து வழக்கமான வட்டிலப்பம் வரவில்லை. வந்திருந்தால் நேசத்துக்கு இறங்கியும் இருக்காது.

ஞாயிறுவரை பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு நுகேகொடைக்குப் போனாள். சுரேகாவையும் மேலே வந்து இருக்கும்படி கேட்டாள். தனியே சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று தன்னையே அவள் நம்பவில்லை. நின்றபடியே சொன்னாள்.

ஐயா கொப்பியை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப அண்டைக்குப் பேப்பர் வரேல்லை?"

"வரேல்லை ஐயா."

"நான் துலைக்கேல்லை?"

"இல்லை ஐயா. துலைக்கிறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை."

பிறகு அவர் கேட்டார், கிளார்க் ஐயா கேட்பதுபோல. ரயில் எத்தனை மணிக்கு வந்தது? கடைக்காரர் என்ன சொன்னார்? வியாழக்கிழமைப் பத்திரிகை தட்டில் மேலே இருந்ததா, நடுவில் இருந்ததா? தான் உள்ளே வரும்போது அவள் எங்கே நின்றாள்? அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவருடைய முதுகு நிமிர்ந்தது. கேட்டு முடித்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

சுரேகாதான் பேசினாள்.

"டொக்டர் வயசுக்கு உரியதுதான் எண்டு சொன்னவர் அன்ரி. அப்பாதான் நம்பேல்லை. திறப்பை வாங்கு, காசை வாங்கு, கேற்றைப் பூட்டு எண்டு அவர்தான் என்னை நிண்டு ஆட்டினவர். ரெண்டு வருசம். என்னைப் பெத்த தகப்பனைப் பூட்டி வச்சிருந்தனான். நீங்க வந்து என்ர கையால தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனனீங்கள்."

நேசம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். முழந்தாளில் நிற்கப் போனபோது, "வேண்டாம், எழும்பும்" என்றார் ஐயா, ஜன்னலைப் பார்த்தபடியே.

அதற்குப் பிறகு அவர் இருபது நாள்தான் இருந்தார். நித்திரையில் போய்விட்டார். அந்த இருபது நாளும் விடிய எழும்பி, கேற்றைத் தானே திறந்து, நுகேகொடைச் சந்திவரை தனியே நடந்துபோய்ப் பத்திரிகை வாங்கி வந்து, மேல் அறையில் இருந்து வாய்விட்டு வாசித்தாராம். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமாம். கொப்பியில் ஒரு வரிகூட எழுதவில்லையாம். சுரேகா செத்த வீட்டில் இதை நேசத்துக்குச் சொன்னபோது, சொல்ல விருப்பமில்லாமல்தான் சொன்னாள். காலை மேசை இப்போது இல்லை. கேபிளும் இல்லை. அனுஜன் தொலைபேசியில் ஏதோ நடத்துகிறான். மீன்தொட்டியை ஆருக்கோ கொடுத்துவிட்டான்.

நேசம் அந்த இருபது நாளில் ஒரு நாளாவது போயிருக்கலாம். இடையில் மூன்று ஞாயிறு வந்தது. முகம் கொடுக்க வெட்கமாக இருந்தது. அடுத்த கிழமை போகலாம், கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தாள். போகவில்லை. வெள்ளிக்கிழமை சொன்னதை மட்டும் ஆண்டவர் கணக்கில் எடுப்பார் என்று அவளால் நினைக்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வெளிக்கிட்டபோது, ஐயா சுரேகாவிடம் கேற்றுத் திறப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக அவளோடு கீழே இறங்கி வந்தார். திறப்பைப் போட்டுத் திருப்பினார். கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் வெளியே கால் வைத்தபோது சொன்னார்:

"எனக்கு உம்மில கோவம், நேசம். அது லேசில போகாது. அதுக்காக நீர் வாறதை விட்டிடாதையும்."